ஹிமா: புல்லும் நீரும்

பாலைநிலத்தில் கிணறு யாருடையதோ, அதைச் சூழ்ந்த புல்வெளியும் அவருடையதாகிவிடும். தண்ணீர் காட்ட இயலாத இடத்தில் எவர்தாம் கால்நடைகளை மேய்க்க முடியும்? இஸ்லாத்திற்கு முந்திய அரபகத்தில் வலிமைமிக்க குலத்தலைவன் மேட்டில் நாயைக் குரைக்கச் செய்து, அவ்வொலி எட்டும் எல்லைவரை தனது ‘ஹிமா’ என்று அறிவிப்பானாம். ஹிமா என்றால் பிறர் நுழையலாகாத காப்புநிலம். குலைப் என்பவனின் ஹிமாவில் அயலாரின் ஒட்டகம் புகுந்ததால் மூண்ட பஸூஸ் போர் நாற்பது ஆண்டுகள் நீடித்ததென அரபு மரபு கூறுகிறது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹிமாவை ஒழித்துவிடவில்லை. அதைத் தனி மனிதரின் கையிலிருந்து எடுத்துப் பொதுநலனுக்கு உரியதாக்கினார்கள். மதீனாவை அடுத்த நகீஉ, முஸ்லிம்களின் குதிரைகளுக்காகக் காக்கப்பட்டது. அதேவேளை, தேவைக்கு மிஞ்சிய நீரை மறுத்து, அதன்வழியே புல்லையும் மறுப்பதை அவர்கள் தடுத்தார்கள். நிலத்தைக் காப்பதும் நீரைப் பகிர்வதும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை இங்கே காண்கிறோம்.

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் (634–644) ஷரஃபும் ரபதாவும் ஹிமாக்களாயின. காவலுக்கு அமர்த்திய ஹுனை என்பவருக்கு அவர்கள் இட்ட கட்டளை நாம் ஊன்றி நோக்கத்தக்கது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடைய ஏழைகளை உள்ளே விடவேண்டும். அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி), உஸ்மான் பின் அஃப்பான் (ரலி) போன்ற செல்வர்களின் மந்தைகளை விடலாகாது. செல்வர்களின் மந்தை மடிந்தாலும் பேரீச்சந்தோப்பும் வயலும் அவர்களுக்கு உண்டு. ஏழையின் மந்தை மடிந்தால், அவன் பிள்ளைகளோடு கலீஃபாவின் வாயிலில் வந்து நிற்பான். அவனுக்குப் பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிட நீரும் புல்லும் கொடுப்பது எளிதன்றோ என்பது உமர் (ரலி) அவர்களின் கருத்து. அந்நிலம் அம்மக்களுடையதே என்பதையும், அவர்கள் தம்மீது குறைப்படுவதையும் அவர்கள் மறைக்கவில்லை.

பின்வந்த சட்ட அறிஞர்கள் கிணற்றைச் சுற்றி ‘ஹரீம்’ எனும் காப்பெல்லையை வகுத்தனர். மனிதரும் விலங்கும் தாகம் தீர்க்கும் உரிமையைப் பாசன உரிமைக்கு முன்னே வைத்தனர்.

1950களில் சவூதி அரேபியாவில் அரச ஆணையால் ஹிமாக்கள் பொதுமேய்ச்சலுக்குத் திறந்துவிடப்பட்டன. காவலை இழந்த பல நிலங்கள் மிகைமேய்ச்சலால் வறண்டன. லெபனானிலோ 2004 முதல் ஊர்மக்களின் துணையோடு ஹிமா முறை புத்துயிர் பெற்றுவருகிறது.

வேலியே இல்லையெனில் நிலம் அழிகிறது. வேலி செல்வர்க்கு மட்டும் திறந்தால் ஏழை அழிகிறான். காடும் நீர்நிலையும் காக்கப்படவேண்டும் என்று பேசும் நாம், வேலிக்கு வெளியே நிற்பவன் எங்கே நீர் அருந்துவான் என்பதையும் உடன் கேட்கவேண்டும். ஹுனைக்கு இட்ட கட்டளை அந்தக் கேள்விக்கான விடையாகவே அமைந்தது.