பிள்ளையின் முதல் கைப்பேசி: கொடுக்கும் முன் பெற்றோர் கவனிக்க வேண்டியவை

பள்ளி முடிந்து பிள்ளை வீடு திரும்பும்போது அப்பா தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ வேலையில் இருப்பார். அம்மாவின் ஷிப்ட் மாலையில்தான் முடியும். பள்ளி வேன் வந்துவிட்டதா, வீட்டுக் கதவைப் பூட்டியாயிற்றா என்று கேட்க ஒரு கைப்பேசி தேவைப்படுகிறது. பல வீடுகளில் பிள்ளையின் முதல் கைப்பேசி இப்படித்தான் வந்து சேர்கிறது. ஆனால், அழைத்துப் பேசக் கொடுத்த கருவியே விளையாட்டையும் காணொளியையும் முகம் தெரியாதவர்களின் பேச்சையும் பிள்ளையின் கைக்குக் கொண்டு வந்துவிடுகிறது.

எந்த வகைக் கைப்பேசி?

2 முதல் 4 வயதுள்ள குழந்தைகள் உட்கார்ந்து திரை பார்க்கும் நேரம் நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு வழிகாட்டியது. அந்த வயதில் சொந்தக் கைப்பேசி தேவையே இல்லை. தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கு, பேசுவது மட்டுமே தேவை என்றால் பொத்தான் கைப்பேசி போதும். மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியில் நிறுத்தப்பட்டதால், 4ஜி வகையா என்று கடையில் கேட்டு வாங்குவது நல்லது. பள்ளிக்குக் கைப்பேசி கொண்டு வர மாணவர்களுக்குப் பொதுவாக அனுமதி இல்லை. கட்டாயம் என்றால் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே பேச வேண்டும்.

பழைய கைப்பேசியைக் கொடுப்பதானால்

அப்பாவின் பழைய கைப்பேசியில் வங்கிச் செயலி, இ-வாலட், மின்னஞ்சல் எல்லாம் திறந்தபடியே இருக்கும். விளையாட்டில் பிள்ளை ஒரு பொத்தானைத் தட்டினாலே பணம் போய்விடலாம். எனவே, கணக்குகளிலிருந்து வெளியேறி, கைப்பேசியை முழுமையாக ரீசெட் செய்த பிறகே கொடுக்க வேண்டும். 12 வயதில்தான் மைகார்டு கிடைக்கும் என்பதால், சிறு பிள்ளையின் எண் பெரும்பாலும் பெற்றோர் பெயரில்தான் இருக்கும். அந்த எண் தவறாகப் பயன்படுத்தப்பட்டால் கேள்வியும் அவர்களிடமே வரும்.

கட்டுப்பாடுகளை அமைத்தல்

ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குக் கூகளின் ‘ஃபேமிலி லிங்க்’ செயலி இலவசம். எந்தச் செயலியைப் பதிவிறக்கலாம், எவ்வளவு நேரம் பயன்படுத்தலாம், இரவு எத்தனை மணிக்குத் திரை பூட்டப்பட வேண்டும் என்பதையெல்லாம் பெற்றோர் தங்கள் கைப்பேசியிலிருந்தே முடிவு செய்யலாம். ஐபோனில் ‘ஸ்கிரீன் டைம்’ இதே வேலையைச் செய்யும். அதன் இரகசிய எண் பெற்றோரிடம் மட்டும் இருக்கட்டும்.

பிள்ளையின் வயதைக் கூட்டிப் பதிவு செய்வது பெரிய தவறு. வாட்ஸ்அப், டிக்டாக், இன்ஸ்டாகிராம், முகநூல் ஆகியவற்றின் குறைந்தபட்ச வயது 13. 9 வயதுப் பிள்ளையை 18 வயது என்று பதிந்தால், சிறார்களுக்கான பாதுகாப்பு எதுவும் அந்தக் கணக்கில் வேலை செய்யாது. 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் திட்டத்தை அரசாங்கமும் 2025 நவம்பரில் அறிவித்தது. வகுப்பு வாட்ஸ்அப் குழுச் செய்திகளைப் பெற்றோரின் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஆபத்து வரும் வழி

இணைய விளையாட்டில் ஒருவர் நட்பாகப் பேசத் தொடங்குவார். பரிசு தருவார். பிறகு தனியாக வாட்ஸ்அப்பில் பேசலாம் என்பார். அடுத்துப் படம் கேட்பார். படம் கையில் கிடைத்ததும் மிரட்டல் தொடங்கும். தவறான நோக்கத்தில் சிறாரைப் பேசி வசப்படுத்துவது, 2017ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம்.

பல பிள்ளைகள் இதை வீட்டில் சொல்வதில்லை. சொன்னால் அடி விழும், கைப்பேசியைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயமே காரணம். ‘எது நடந்தாலும் எங்களிடம் சொல், திட்ட மாட்டோம்’ என்று கைப்பேசியைக் கொடுக்கும் நாளிலேயே சொல்லி, அந்த வாக்கைக் காப்பாற்றவும் வேண்டும். மிரட்டல் வந்தால் செய்திகளை அழிக்காமல் படம் எடுத்து வைத்து, போலீசில் புகார் செய்ய வேண்டும். தாலியான் காசே 15999 எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம். பணம் மோசடி போனால் உடனே 997. அவசர உதவிக்கு 999.

வீட்டு விதிகள்

இரவில் கைப்பேசி பிள்ளையின் அறையில் இருக்கக்கூடாது. வரவேற்பறையில் சார்ஜ் ஏறட்டும். சாப்பாட்டு நேரத்தில் யார் கையிலும் கைப்பேசி வேண்டாம்; பெற்றோருக்கும் இதே விதிதான். அறிமுகமில்லாத எண்ணை எடுக்காமலிருக்கவும், வீட்டில் தனியாக இருப்பதை யாரிடமும் சொல்லாமலிருக்கவும் பழக்க வேண்டும். பேட்டரி தீர்ந்த நாளிலும் உதவும் என்பதால், அம்மா அப்பாவின் எண்களைப் பிள்ளை மனப்பாடமாகச் சொல்லப் பழகியிருப்பது அவசியம்.