காது சொல்வதும் கணக்கு சொல்வதும்

போன மாதம் நண்பன் ஒருவனிடமிருந்து ஒரு டிஜிட்டல்-அனலாக் கன்வெர்ட்டர் (ஆடியோ பைத்தியங்கள் பாஷையில் 'டாக்') இரவல் வாங்கி வந்தேன். வீட்டு ஆம்ப்ளிஃபையரோடு இணைத்துப் பாட்டுப் போட்டால், அடடா! வயலின் தனியாகக் கேட்கிறது, தபேலாவில் விரல் படுவது கூடக் கேட்கிறது. விலை விசாரித்தேன். செமஸ்டர் ஃபீஸில் பாதி. வாங்கியே தீருவது என்று முடிவு செய்தபோது என் தம்பி கெடுத்தான்.

"நீ அந்தப் பக்கம் திரும்பி உக்காரு. நான் மாத்தி மாத்திப் போடறேன். எது புதுசுன்னு சொல்லு பாப்போம்."

பத்து முறை போட்டான். ஐந்து சரி, ஐந்து தப்பு. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதே மார்க்தான் வந்திருக்கும் :-)

மானம் போன கையோடு தேடிப் படித்ததில் ஒன்று தெரிந்தது. என் தம்பி செய்த வேலையைப் பெரிய மனிதர்கள் பல வருடங்களாகச் செய்து, சண்டையும் போட்டிருக்கிறார்கள். அந்தக் கதைதான் இது.

1947-ல் டி.டி.என். வில்லியம்சன் என்ற பொறியாளர் இங்கிலாந்தின் 'வயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் ஒரு வால்வ் ஆம்ப்ளிஃபையரின் வரைபடத்தை வெளியிட்டார். 15 வாட் சக்தி, அதில் உருக்குலைவு 0.1 சதவீதத்துக்கும் கீழே. அதாவது உள்ளே போவது அநேகமாக அப்படியே பெரிதாகி வெளியே வரும். உலகம் முழுக்கப் பலர் அதைப் பார்த்துத் தாங்களே செய்துகொண்டார்கள். ஆம்ப்ளிஃபையர் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

தீரவில்லை. 1960-களில் டிரான்ஸிஸ்டர் வந்தது. ஆரம்ப கால டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிஃபையர்கள் சிலவற்றில், அலையின் மேல் பாதியை ஒரு டிரான்ஸிஸ்டரும் கீழ்ப் பாதியை இன்னொன்றும் கவனிக்கும்போது, கை மாறும் இடத்தில் ஒரு தடுக்கல் விழுந்தது. அது காதுக்கே உறுத்தியது. வால்வ் ரசிகர்கள் "பார்த்தீர்களா, மீட்டர் சொல்வதை நம்பாதே" என்றார்கள். அந்த நேரத்தில் அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் டிரான்ஸிஸ்டர் தேறிய பிறகும் அதே பேச்சு தொடர்ந்தது.

1978-ல் 'குவாட்' நிறுவனம் துணிந்து ஒரு சோதனைக்கு வந்தது. தன்னுடைய மூன்று தலைமுறை ஆம்ப்ளிஃபையர்களை, 1953-ன் வால்வ் மாடல், 1967-ன் 303, 1975-ன் 405, ஜேம்ஸ் மோயர் என்பவரிடம் கொடுத்தது. எது ஓடுகிறது என்று சொல்லாமல் அனுபவசாலிகளைக் கேட்க வைத்தார்கள். யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. யோசித்துப் பாருங்கள், "எங்கள் புது மாடலுக்கும் பழைய மாடலுக்கும் வித்தியாசம் கேட்காது" என்று காட்டும் சோதனைக்கு ஒரு கம்பெனியே முன்வந்திருக்கிறது! எங்கள் மார்க்கெட்டிங் பாடத்தில் இப்படி ஒரு அத்தியாயம் கிடையாது.

அடுத்தது 1985. அமெரிக்காவில் பாப் கார்வர் என்ற வடிவமைப்பாளர், 'ஸ்டீரியோஃபைல்' பத்திரிகைக்காரர்களிடம் சவால் விட்டார். நீங்கள் மெச்சும் விலை உயர்ந்த வால்வ் ஆம்ப்ளிஃபையரைக் கொடுங்கள், என் மலிவான டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிஃபையரை அதே மாதிரி பாட வைக்கிறேன் என்றார். ஓட்டல் அறையில் உட்கார்ந்தார். வழி எளிது: இரண்டுக்கும் ஒரே சிக்னலைக் கொடுத்து, இரண்டின் வெளியீட்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தை மட்டும் ஒரு ஸ்பீக்கரில் கேட்பது. வித்தியாசம் மௌனமாகும் வரை திருகிக்கொண்டே இருந்தார். கடைசியில் அந்தப் பத்திரிகைக்காரர்களே பிரிக்க முடியவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். (கடைக்கு வந்த மாடல் அந்த அளவு ஒத்துப்போகவில்லை என்று பிற்பாடு அதே பத்திரிகை எழுதியது வேறு கதை.)

1987 ஜனவரியில் 'ஸ்டீரியோ ரிவ்யூ' இன்னும் ஒரு படி போனது. 220 டாலர் ரிஸீவரிலிருந்து 12,000 டாலர் ஜோடி வரை வரிசையாக வைத்து, வித்தியாசம் உண்டு என்று நம்புகிறவர்களையும் நம்பாதவர்களையும் சேர்த்து உட்கார வைத்தார்கள். இரண்டு கட்சிக்கும் கிடைத்தது குத்துமதிப்பு மார்க்தான்.

கன்வெர்ட்டர் கதையும் கிட்டத்தட்ட இதுதான். 1982-ல் சிடி வந்தபோது 16 பிட் என்று தீர்மானமாகியிருந்தது. ஆனால் பிலிப்ஸின் கையில் இருந்தது 14 பிட் கன்வெர்ட்டர். தூக்கிப் போடாமல், அதை நான்கு மடங்கு வேகத்தில், நொடிக்கு 1,76,400 முறை ஓட்டி, இரைச்சலைக் கேட்காத பக்கம் தள்ளி 16 பிட் தரத்தைப் பிழிந்து எடுத்தார்கள். முதல் சோனி பிளேயரில் 16 பிட் கன்வெர்ட்டர் ஒன்றே ஒன்று. இடது, வலது இரண்டுக்கும் அதுவே மாறி மாறி உழைத்தது.

"அந்த 16 பிட்டே போதுமா?" என்ற கேள்விக்கு 2007-ல் மேயர், மோரன் இருவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உயர்தர எஸ்ஏசிடி ஒலியை நேராகவும், நடுவே சிடி தரத்துக்கு இறக்கியும் போட்டுக் காட்டினார்கள். 554 முயற்சியில் 276 சரி. 49.8 சதவீதம். என் தம்பியின் சோதனையில் நான் வாங்கிய மார்க்!

இத்தோடு முடித்தால் நான் கட்சிக்காரன் ஆகிவிடுவேன். 2016-ல் ஜோஷுவா ரீஸ் 18 ஆய்வுகளை, 12,500-க்கு மேற்பட்ட முயற்சிகளைச் சேர்த்துப் பார்த்தார். வந்தது 52.3 சதவீதம். சின்ன வித்தியாசம்தான், ஆனால் தற்செயல் இல்லை. பயிற்சி பெற்ற காதுகளுக்கு இன்னும் கூடுதல். ஆடிட்டிங்கில் சொல்வது போல, தப்பு கண்ணில் படவில்லை என்பதும் தப்பே இல்லை என்பதும் ஒன்றல்ல. என் பத்து முயற்சியும் மிகக் குறைவுதான். பத்துக்கு எட்டோ அதற்கு மேலோ குருட்டாம்போக்கில் வர 5.5 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஆகவே எட்டு வாங்கியிருந்தாலும் நான் மீசையை முறுக்க முடியாது.

அப்படியானால் முதல் நாள் நான் கேட்ட அந்த வயலின்? பொய் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டேன். இரவல் டாக் கொஞ்சம் சத்தமாக ஓடியிருக்கலாம். அரை டெசிபல் கூடினாலே நமக்கு அது 'சத்தம்' என்று படாது, 'தெளிவு' என்று படும். அதனால்தான் முறையான சோதனைகளில் முதல் வேலையே ஒலியளவைச் சமப்படுத்துவது. இன்னொரு காரணம், அன்றைக்குத்தான் நான் அந்தப் பாட்டை வேறு வேலை பார்க்காமல் உட்கார்ந்து கேட்டேன். கவனம் கொடுத்த சுகத்துக்குப் பில்லை டாக்கின் பெயரில் போட்டுவிட்டேன்.

விலையும் மதிப்பும் வேறு வேறு என்று முதல் வருடமே படித்தேன். பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வி. அது புரிய இவ்வளவு நாள் ஆயிற்று.

டாக்கைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. காசு சேர்ந்தால் ஸ்பீக்கர் மாற்றுவதாக உத்தேசம். அங்கே வித்தியாசம் பல டெசிபல் கணக்கில் வரும், மீட்டரும் காதும் சண்டை போடாது. அதற்கும் தம்பி பரீட்சை வைப்பானாம்.