பத்தாவது ஆள்

உழைக்கும்போது உடல் முதலாளிக்கு. நோயுற்றால் அதே உடல் யாருக்கு? தலைவிதிக்கு என்பர் பழமைவாதிகள். வரலாறோ வேறு மூன்று விடைகளைத் தருகிறது. முதல் விடையைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. அரசலாறு கடலோடு கலக்கும் காரைக்கால் கரையிலேயே அது கிடைக்கும்.

பிரெஞ்சுக்காரர் 1739-இல் காலூன்றிய ஊர் காரைக்கால். அவர்தம் தீவுகளில் 1848-இல் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களோ கைகளைக் கேட்டன. கழனியில் உழைத்தும் வயிறு நிறையாத தமிழன் அகப்பட்டான்! 1860, 1861 ஆம் ஆண்டுகளில் பிரிட்டனோடு செய்துகொண்ட உடன்படிக்கைகளின்படி, காரைக்காலிலிருந்தும் புதுவையிலிருந்தும் ரியூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் ஆயிரமாயிரம் பேர் ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேறினர். ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கு. நோயுற்றால் மருத்துவம் தருவது தோட்ட முதலாளியின் கடமை.

அழகான கடமை! ஆனால், வேண்டுமென்றே வேலைக்கு வராத நாட்களை ஒப்பந்தக் காலத்தோடு கூட்டிக்கொள்ளவும் வழி இருந்தது. படுத்துக் கிடப்பவன் நோயாளியா, சோம்பேறியா? கூலி கொடுப்பவனின் கையே ஓங்கியிருக்கும் இடத்தில் நீதி எங்கே நிற்கும்? முறையீடுகள் பெருகின. 1877-இல் ரியூனியனில் விசாரணை நடந்தது. 1882-இல் அத்தீவுக்கு ஆள் அனுப்புவது நிறுத்தப்பட்டது. முதலாளி தரும் மருந்து தொழிலாளிக்கு விலங்காகவும் மாறும் என்பதே அக்கப்பல்கள் கற்பித்த பாடம்.

இரண்டாம் விடை, பொது நிதி. 1883-இல் ஜெர்மனியில் பிஸ்மார்க் அதைச் சட்டமாக்கினார். தொழிலாளி இரு பங்கு, முதலாளி ஒரு பங்கு செலுத்தினர். இந்தியாவில் 1948-இல் தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டம் பிறந்து, 1952 பிப்ரவரி 24-இல் கான்பூரிலும் டெல்லியிலும் நடைமுறைக்கு வந்தது. 1954-இல் பிரெஞ்சு ஆட்சி அகன்றபின், புதுச்சேரிப் பகுதிக்கும் இத்திட்டம் வந்து சேர்ந்தது.

முதலாளி என்றதும் தொந்தியும் தங்கச் சங்கிலியும் நம் கண்முன் தோன்றுகின்றன. கடைத்தெருவில் சிறு அச்சகமோ தச்சுப் பட்டறையோ நடத்துபவர், பெரும்பாலும் தாமும் வியர்வை சிந்துபவரே. ஒரு தொழிலாளியின் அறுவைச் சிகிச்சை முழுவதும் அவர் தலையில் விழுந்தால் பட்டறையே மூடப்படும். மற்றவர் பிழைப்பும் போகும். பொது நிதியிலோ 2019 முதல் முதலாளியின் பங்கு கூலியில் 3.25 விழுக்காடு, தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடு. மாதம் 12,000 ரூபாய்க் கூலிக்கு முதலாளி தருவது 390, தொழிலாளி தருவது 90. மருத்துவத்தோடு, நோயுற்ற நாட்களுக்கு 70 விழுக்காடு கூலி, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கிறது. மலை போன்ற சுமை, பலர் தோளில் பரவும்போது பஞ்சாகிறது!

பரவாத இடத்தில் நடப்பதென்ன? 2017-இல் பேறுகால விடுப்பு 26 வாரமாயிற்று. ஈட்டுறுதிக்கு உட்பட்ட பெண்ணுக்கு நிதியே கூலி தருகிறது. 21,000 ரூபாய் வரம்பைக் கடந்தவளுக்கு முதலாளியே தர வேண்டும். நல்ல சட்டம்தான், சுமையை இறக்கிய இடம்தான் தவறு. பெண்ணை வேலைக்கு அமர்த்தவே தயங்கும் மனத்தை அது வளர்க்காதா?

மற்றொரு குறையும் உண்டு. பொதுவாகப் பத்துப் பேர் பணிபுரிந்தால்தான் ஈட்டுறுதி கட்டாயம். ஒன்பது பேர் உள்ள பட்டறைக்காரர் பத்தாவது ஆளைக் கண்டு அஞ்சுகிறார். அந்த ஒன்பது பேரோ காய்ச்சலைக் கண்டு அஞ்சுகின்றனர். காய்ச்சல் தலையை எண்ணிவிட்டா வருகிறது?

மூன்றாம் விடையை 1948 ஜூலை 5-இல் பிரிட்டன் தந்தது. வரிப்பணத்தில் அனைவருக்கும் மருத்துவம். மருத்துவமனை வாயிலில், "உன் முதலாளி யார்?" என்ற கேள்வியே இல்லை.

தோழர்களே! மருத்துவம் முதலாளியின் கருணையன்று, குடிமகனின் உரிமை. சிகிச்சையை அரசு மருத்துவமனை ஏற்கட்டும். இழந்த கூலியைப் பொது நிதி ஏற்கட்டும். சிறு பட்டறையின் பங்கில் ஒரு பகுதியை அரசு தாங்கட்டும். பத்தாவது ஆளுக்காகக் காத்திருக்கும் சட்டம், முதல் ஆளிடமிருந்தே தொடங்கட்டும்!