இருபத்தெட்டு ரூபாய் சினிமா



பரணில் ‘காதலிக்க நேரமில்லை’ விசிடி கிடைத்தது. ஸ்ரீதரின் 1964 கலர்ப்படம். அம்மா அப்போது கம்பத்தில் டூரிங் கொட்டகையில் பார்த்தது.

நம் சின்னமனூர்ப் பக்கம் வெகுகாலம் திருட்டு விசிடிதான் (வாத்தியார் வீட்டிலும்தான்!). 2007 வாக்கில் மோசர் பேயர் விசிடியை 28, டிவிடியை 34 ரூபாய்க்கு விற்கத் தொடங்கியபிறகே ஒரிஜினல் வாங்கும் துணிச்சல் வந்தது. ஒரு விசிடியில் ஏறக்குறைய 80 நிமிடமே அடங்கும். பாதியில் எழுந்து தட்டு மாற்றவேண்டும்.

நாகேஷ் பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் இடத்தை அம்மா மூன்று தடவை திருப்பிப் போடச் சொல்லிச் சிரித்தார். கொட்டகையில் யார் திருப்பிப் போடுவார்கள்?

தட்டு இருக்கிறது, பிளேயர் ஓடவில்லை. யாரிடமாவது ஓடுகிற பிளேயர் இருந்தால் சொல்லுங்கள். அடுத்த மாதம் அம்மாவின் நினைவுநாள்.