லாங்ஸ்ரன் ஹியூஸின் தென்னகப் பயணம்: 1931 - 1932

கவிஞன் எவ்வாறு வயிறு வளர்த்தான் என்னும் வினாவை இலக்கிய வரலாறுகள் பெரும்பாலும் எழுப்புவதில்லை. கவிதையின் பொருளும் வடிவமும் காலப் பின்னணியும் விரிவாக ஆராயப்படும். அதனை எழுதியவன் அடுத்த வேளை உணவுக்கு யாரை நம்பியிருந்தான் என்பது அடிக்குறிப்போடு ஒதுங்கிவிடும். அமெரிக்கக் கறுப்பினக் கவிஞருள் முதன்மை பெற்ற லாங்ஸ்ரன் ஹியூஸ் (1901 - 1967), 1931ஆம் ஆண்டு நவம்பர் தொட்டு அடுத்த ஆண்டின் கோடை வரை மேற்கொண்ட கவிதை வாசிப்புப் பயணத்தை விளங்கிக்கொள்வதற்கு இவ்வினாவே ஏற்ற வாயிலாகும். அவர் இடதுசாரிச் சிந்தனையின்பால் முழுமையாகத் திரும்பிய கட்டமென்றே அப்பயணம் வழக்கமாகக் குறிக்கப்படுகிறது. அது பிழையன்று. ஆயின் அவரது கருத்து மாறியதற்கு இணையாக அவருக்குப் படியளப்போரும் மாறிக்கொண்டிருந்தனர்.

1920களின் ஹார்லெம் மறுமலர்ச்சி, கறுப்பின எழுத்தாளரின் எழுச்சியாக இருந்தபோதும், அதன் பதிப்பகங்களும் பரிசுகளும் பெரும்பாலும் வெள்ளையரின் கையிலேயே இருந்தன. ஹியூஸுக்கு மாதந்தோறும் பணம் உதவிய செல்வச் சீமாட்டியான சார்லொற் மேசன், அவர் எதை எழுத வேண்டும் என்பதிலும் அக்கறை காட்டினார். கறுப்பினத்தவரிடம் அவர் தேடியது ஆதிகால வெகுளித்தனத்தை. ஹியூஸோ கன்சாஸிலும் கிளீவ்லண்டிலும் வளர்ந்து, கப்பலிலும் உணவுவிடுதியிலும் வேலை செய்தவர். 1930இல் அவ்வுறவு முறிந்தது. பொருளாதார மந்தமோ நாட்டை அமுக்கிக்கொண்டிருந்தது. முதல் நாவலுக்குக் கிடைத்த ஹார்மன் பரிசின் 400 டொலரைக் கொண்டு கியூபாவுக்கும் ஹெயிற்றிக்கும் சென்ற அவர், 1931இல் ஏறத்தாழ வெறுங்கையோடு புளொரிடாவிற் கரையேறினார்.

அங்கே அவரை வரவேற்றவர் மேரி மக்லியொட் பெதூன். அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்து, 1904இல் டேற்ரோனாவில் ஒரு சிறு பள்ளியைத் தொடங்கி அதனைக் கல்லூரியாக வளர்த்தெடுத்தவர் அப்பெண்மணி. தென்மாநிலங்களெங்குஞ் சென்று கறுப்பின மக்களுக்குக் கவிதை வாசிக்குமாறு அவரே இளங்கவிஞரை ஊக்கினார். இவ்வறிவுரையின் துணிவு எளிதிற் புலப்படாது. வட நகரங்களின் வரவேற்பறைகளிற் பெயர் பெற்ற ஒருவரை, வாக்குரிமை மறுக்கப்பட்ட, நிறவெறிக் கொலைகள் ஓயாத ஒரு நிலத்துக்கு அவர் அனுப்பினார். றோசன்வால்ட் நிதியம் 1000 டொலர் வழங்கியது. ஒரு வெள்ளைச் செல்வரின் பணத்தை உதறியவர் இன்னொரு செல்வரின் நிதியத்தை நாடினார் என்று இதனைக் குறை கூறலாம். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு: நிதியம் கவிதையின் அடிகளைத் திருத்த முற்படவில்லை.

ஹியூஸுக்குக் கார் ஓட்டத் தெரியாது. போர்ட் வண்டியொன்றை வாங்கி, லிங்கன் பல்கலைக்கழகத்தில் உடன் பயின்ற றட்கிளிஃப் லூக்கஸைச் சாரதியாகவும் முகாமையாளராகவும் அமர்த்திக்கொண்டார். வண்டியின் பின்புறம் நூல்கள் நிறைந்திருந்தன. முதற் கவிதைத் தொகுதியை ஒரு டொலர் மலிவுப் பதிப்பாக வெளியிட நியூயோர்க்கின் நொப் பதிப்பகம் இசைந்திருந்தது. அதனினும் முக்கியமானது, ஓவியர் பிறென்ரிஸ் ரெயிலருடன் சேர்ந்து தாமே நிறுவிய கோல்டன் ஸ்ரெயர் அச்சகத்தின் வாயிலாக வெளியிட்ட சிறு நூலாகும். 'நீக்ரோத் தாய்' என்னும் பெயர் கொண்ட அந்நூலின் விலை 25 சதம். அவ்வாண்டு பருத்தி இறாத்தல் ஏறத்தாழ 6 சதத்துக்கு வீழ்ந்திருந்ததால், நான்கு இறாத்தலுக்கு மேற்பட்ட பருத்தியின் பெறுமதி அது. குத்தகை உழவனுக்குச் சிறு தொகையன்று. எனினும் அந்நூல் விற்று முடிந்து, மீண்டும் அச்சிடப்பட்டது. நுட்பந் தேடும் விமரிசகர் அதிலுள்ள பாக்களை ஹியூஸின் சிறந்தவற்றோடு வைத்து எண்ணுவதில்லை. பள்ளி மேடையிலும் தேவாலய விழாவிலும் ஒருவர் எழுந்துநின்று உரத்து ஒப்புவிப்பதற்கென எழுதப்பட்டவை அவை. அப்பயனை அவை நிறைவேற்றின.

வாசிப்பு நிகழ்ச்சியையும் அவர் காலப்போக்கிற் செப்பனிட்டார். முதலில் தமது வாழ்க்கைக் கதை, பின்னர் இளமைக் கவிதைகள், அவையினர் சிரித்து இளகிய பிறகே நிறவெறி பற்றிய கடுமையான பாக்கள், இறுதியில் 'நானுந்தான்'. மதுரத்தோடு மருந்தைக் கொடுக்கும் இம்முறையைத் தந்திரமெனக் கொள்வாரும் உளர். கட்டணம் அழைத்தவர் வசதிக்கேற்பக் குறைந்தது. வெள்ளையர் விடுதிகள் இடந்தராமையால் ஆசிரியர், போதகர் இல்லங்களிலேயே பெரும்பாலும் தங்க நேர்ந்தது. கல்லூரிகளுக்கு வெளியே இருந்த சமூகத்தையும் அவர் அறிந்துகொண்டதற்கு இது ஒரு காரணம் எனலாம்.

பயணத்தின் தொடக்கத்திலேயே வேர்ஜீனியாவின் ஹம்ப்ரனில் முதல் அதிர்ச்சி காத்திருந்தது. பிஸ்க் பல்கலைக்கழகத்தின் மகளிர் பொறுப்பாளரான ஜூலியற் டெறிகொற், ஜோர்ஜியாவில் டால்ற்ரன் நகரின் அருகே கார் விபத்திற் படுகாயமுற்றார். அவ்வூர் மருத்துவமனை கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை. தொலைவிலுள்ள சற்றனூகாவுக்கு அவரைக் கொண்டுசெல்ல நேர்ந்தது. நவம்பர் 7ஆம் நாள் அங்கே இறந்தார். அதே வேளையில் ஹம்ப்ரனின் பழைய மாணவரான விளையாட்டுப் பயிற்சியாளர் ஒருவர் பேர்மிங்ஹாமில் கும்பலொன்றால் அடித்துக் கொல்லப்பட்டார். மாணவர் கண்டனக் கூட்டம் நடத்த விரும்பி, ஹியூஸைப் பேச அழைத்தனர். நிருவாகம் மறுத்துவிட்டது. கல்வி புகட்டுவதே தம் வழி, எதிர்ப்புக் காட்டுவதன்று என மாணவருக்கு விளக்கியவர் ஒரு கறுப்பின அதிகாரியே. கூட்டம் நடைபெறவில்லை.

வட கரோலினாவின் சப்பல் ஹில்லில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. அது வெள்ளையருக்கு மட்டுமான பல்கலைக்கழகம். சமூகவியலாளர் கை ஜோன்சனும் நாடகாசிரியர் போல் கிறீனும் அழைப்புக்குப் பின்னணியில் இருந்தனர். அவ்வூரில் 'கொன்ரெம்போ' என்னும் சிற்றிதழை நடத்திய இரு வெள்ளை இளைஞர், ஹியூஸின் கவிதையொன்றையும் கட்டுரையொன்றையும் அவரது வருகையோடு ஒட்டி வெளியிட்டனர். கவிதை, அலபாமாவில் வதைக்கப்படும் கறுப்பனாகக் கிறிஸ்துவைக் கண்டது. கட்டுரை, ஸ்கொற்ஸ்பரோ வழக்கில் ஆலை முதலாளிகளின் பங்கை வினவியது. ஊர் கொதித்தது. காவலர் வெளியே நிற்க, மண்டபம் நிரம்பி வழிய, வாசிப்பு நடந்தேறியது. இளைஞர் இருவரும் வெள்ளையர் உணவுச்சாலைக்கு அவரை அழைத்துச் சென்று உடனிருந்து உண்டனர். வெள்ளையரின் பல்கலைக்கழகத்திற் பேச முடிந்ததைக் கறுப்பினத்தவரின் கல்லூரியிற் பேச முடியவில்லை என்பது விந்தையாகத் தோன்றலாம். சப்பல் ஹில் மாநிலத்தின் நிறுவனம். கவிஞர் ஒருவரால் அதன் வருமானம் போய்விடாது. ஹம்ப்ரனோ வெள்ளை வள்ளல்களின் நன்கொடையில் உயிர்த்திருந்தது. மேசனுடன் ஹியூஸுக்கு ஏற்பட்ட நெருக்கடி, இங்கு ஒரு கல்லூரியின் அளவில் விரிந்து நின்றது.

ஸ்கொற்ஸ்பரோ வழக்கு பயணம் முழுவதும் அவரைத் தொடர்ந்தது. 1931 மார்ச் மாதத்தில் சரக்கு ரயிலொன்றிலிருந்து பிடிக்கப்பட்ட ஒன்பது கறுப்பின இளைஞர்மீது பாலியல் வன்முறைக் குற்றம் பொய்யாகச் சுமத்தப்பட்டது. சில நாள் விசாரணையில் எண்மருக்கு மரணதண்டனை. 1932 ஜனவரியில் கில்பிச் சிறையில் ஹியூஸ் அவர்களைச் சந்தித்தார். மரணதண்டனைக் கூடத்தில் நின்று அவர் வாசித்தவை போராட்டப் பாக்கள் அல்ல, நகைச்சுவைக் கவிதைகள். வழக்கைப் பற்றியும், விடுதலை கிட்டுமென நம்புவதாகச் சொன்னதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. பெரும்பாலோர் படுக்கையை விட்டு அசையவில்லை. அன்டி றைற் ஒருவரே எழுந்து கம்பியருகே வந்தார். மேடைகளில் அவையை இளக்கிய அதே கவிதைகள் இங்கு ஏதுஞ் செய்ய இயலாது போயின. இதனை ஹியூஸ் தம் தன்வரலாற்றில் மறைக்காமற் பதிந்துள்ளார். அவ்விளைஞருக்காக எழுதிய நான்கு கவிதைகளும் ஒரு பாநாடகமும் அவ்வாண்டே நூலாகி, அதன் வருவாய் வழக்கு நிதிக்குச் சென்றது. அன்டி றைற் இறுதியாக விடுதலையானது 1950 ஜூனில்.

கில்பிக்கு அணித்தேயுள்ள ரஸ்கீகிக் கல்லூரியில் அவ்வழக்கைப் பற்றிப் பேசுவார் இலர். இம்மௌனம் அவரைக் கடிதாகப் பாதித்தது. ஆயினும் அங்கும் அவர் கவிதை வாசித்தார், கட்டணமும் பெற்றிருப்பார். நியூ ஓர்லியன்ஸில் வாசிப்பு முடிந்தபின் பதினாறு வயது மாணவி ஒருத்தி தன் கவிதைகளைக் கொணர்ந்து காட்டினாள். அவற்றைப் பார்த்து ஊக்கமளித்தார். 1942இல் யேல் பல்கலைக்கழகத்தின் இளங்கவிஞர் பரிசைப் பெற்ற மார்கிறற் வோக்கரே அவள். பெதூன் எதிர்பார்த்த பயன் இதுதான் போலும்.

டெக்ஸாஸ் வழியே வண்டி கலிபோர்னியாவை அடைந்தது. ஒரு திரைப்படத்தில் நடிப்பதற்காக 1932 ஜூனில் இருபதுக்கும் மேற்பட்ட கறுப்பின இளைஞருடன் ஹியூஸ் மொஸ்கோவுக்குக் கப்பலேறினார், படம் எடுக்கப்படவேயில்லை. கல்லூரிகளைப் பற்றி மனத்தில் இருத்தியவற்றை 1934 ஓகஸ்ற் 'கிறைசிஸ்' இதழில் எழுதினார். 'கல்லூரிகளிலிருந்து வரும் கோழைகள்' என்பது தலைப்பு. தம்மை விருந்தினராக ஏற்று உபசரித்த ஹம்ப்ரனையும் ரஸ்கீகியையும் அதிற் பெயர் சுட்டியே கண்டித்திருந்தார்.