கைராட்டையின் மறுவாழ்வு

கைராட்டை, பஞ்சினைக் கையால் நூலாக்கும் சாதனம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆலைச் சரக்குகள் இந்தியச் சந்தையை நிரப்பியபோது கிராமங்கள் பலவற்றில் வழக்கொழிந்த இது, பின்னர்த் தேசிய இயக்கத்தின் நிர்மாணத் திட்டத்தால் மறுவாழ்வு பெற்றது.

காந்தியடிகள் 'ஹிந்த் ஸ்வராஜ்' எழுதிய காலத்தில் தாம் இராட்டையைக் கண்டதாக நினைவில்லை என்று தம் சுயசரிதத்தில் குறிப்பிடுகிறார். சபர்மதி ஆசிரமத்தார் தறியில் அமர்ந்து நெய்யத் தொடங்கிய பின்னரும் நூலுக்காக ஆலைகளையே அண்டி நிற்க வேண்டியிருந்தது. இந்தப் பராதீனத்தைப் போக்கும் பொருட்டு கங்காபென் மஜ்மூதார் என்னும் அம்மையார் நெடுநாள் அலைந்து, பரோடா சமஸ்தானத்து விஜாப்பூரில், பரண்மீது ஏறிக் கிடந்த இராட்டைகளைக் கண்டறிந்தார். மகன்லால் காந்தி ஆசிரமத்தில் அதன் அமைப்பைச் செம்மைப்படுத்தினார். 1921-இல் பெஜவாடாவில் கூடிய காங்கிரஸ் கமிட்டி, 20 லட்சம் இராட்டைகளை நாட்டில் இயங்கச் செய்வதென்று தீர்மானித்தது. 1925-இல் பாட்னாவில் அகில பாரத சர்க்கா சங்கம் தோன்றியது.

ஒரே கதிருடைய பழைய இராட்டையில் நூற்போர் பெற்ற கூலி சொற்பமாதலின், உற்பத்தியைப் பெருக்கும் உபாயம் தேவையாயிற்று. 1929-இல் சங்கம், புதிய இராட்டை அமைப்போருக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. எட்டு மணி நேரத்தில் 12 முதல் 20 நம்பர் வரையிலான நூல் 16,000 அடி தருதல், 150 ரூபாய்க்கு மேற்படாத விலை, கிராமத்துக் குடிசையில் ஒரு பெண் அயர்வின்றி இயக்கத்தக்க எளிமை ஆகியவை அதன் நிபந்தனைகளுட் சில. வேகத்தையும் எளிமையையும் ஒருசேர வேண்டிய அப்பரிசு எவருக்கும் கிட்டவில்லை.

விடுதலைக்குப் பின், திருநெல்வேலி மாவட்டத்து ஏகாம்பரநாதன், ஆலைகளில் பஞ்சுத் திரியை உருளைகளுக்கிடையே இழுத்து மெலிவிக்கும் தத்துவத்தைக் கைப்பிடியால் சுழலும் சிறு கருவிக்குள் அடக்கினார். அவர் பெயரின் ஒரு பகுதியையே தாங்கி 'அம்பர்' எனப்பட்ட அவ்விராட்டையின் பிற்கால அமைப்பில் நான்கு கதிர்கள் ஒருங்கே சுழன்றன. பஞ்சு கொட்டவும் திரி சமைக்கவும் துணைக்கருவிகள் சேர்ந்தன. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் இதற்கு இடமளித்தது. 1956-ஆம் வருடத்துச் சட்டத்தால் அமைந்த கதர் கிராமத் தொழில் கமிஷன் 1957 முதல் இதைப் பரப்பியது.

ஆறும் எட்டுமாகக் கதிர்கள் பெருகிய புதுமாதிரி இராட்டைகள் பின்னர் வந்தன. அவற்றின் வேகம் கூடியதற்கேற்ப உலோக உறுப்புகளும் பெருகின. கிராமத் தச்சனே செய்து பழுதுபார்த்த பழைய மரக்கருவி, பட்டறையை எதிர்பார்க்கும் இயந்திரமாயிற்று.