ஆஷ் துரையும் ஒரு குட்டிக் கிண்ணமும்

மணியாச்சி ஜங்ஷன் தெரியும்தானே? 1911 ஜூன் 17-ல் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்ட இடம். துப்பாக்கி, பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங். விசையை இழுத்ததும் என்ன நடந்தது? தோட்டாவின் அடியில் பதித்த குட்டி உலோகக் கிண்ணத்தில் ஊசி இடித்தது. உள்ளிருந்த மருந்து பொறி கக்க, குண்டு பாய்ந்தது. கிண்ணத்தின் பெயர் பிரைமர். தீபாவளிக்குப் பசங்க சுடுகிற ரோல் கேப்புக்கு அண்ணன்!

அதே வட்டாரத்துப் பஞ்சாலங்குறிச்சியில், 1801-ல் ஊமைத்துரை கும்பினியோடு மோதியபோது இது கிடையாது. திரியில் நெருப்பு வைக்கணும், இல்லை சிக்கிமுக்கிக் கல் உரசணும். மழை வந்தால் இரண்டும் அம்போ! வழி கண்டவர் அலெக்சாண்டர் ஃபோர்சித் என்கிற ஸ்காட்லாந்துப் பாதிரியார். கல்லின் பொறியைப் பார்த்தே பறவைகள் பறந்துவிட்டனவாம். வேட்டைப் பிரியருக்குக் கடுப்பு. இடித்தாலே வெடிக்கிற மருந்தை வைத்து 1807-ல் காப்புரிமை வாங்கினார்.

1860-களில் இங்கிலாந்தின் பாக்ஸரும் அமெரிக்காவின் பெர்டானும் ஆளுக்கொரு பிரைமர் செய்தார்கள். வேடிக்கை என்னவென்றால், பாக்ஸருடையது அமெரிக்காவிலும் பெர்டானுடையது ஐரோப்பாவிலும் ஓடின! பாக்ஸர் கூட்டின் நடுவில் ஒரே துளை. கம்பியால் குத்தினால் பழைய பிரைமர் விழுந்துவிடும். அதனால்தான் காலிக் கூட்டை வீட்டிலேயே நிரப்புவது அங்கே பொழுதுபோக்கானது. கைத்துப்பாக்கிக்கு இரண்டே அளவு: சுமார் 4.4 மி.மீ., 5.3 மி.மீ. பாயின்ட் 45 கூடு இரண்டிலும் வருகிறது. பிரித்துப் பார்க்காதவர் பாடு திண்டாட்டம். நம்ம ஊரில் லைசென்ஸ் இல்லாமல் நிரப்பினால் கம்பிதான்.

வெள்ளைக்காரனும் விவரமானவன். 1878 ஆயுதச் சட்டம் தோட்டாவுக்கும் சேர்த்தே லைசென்ஸ் கேட்டது. இரும்பை ஊர்க் கொல்லர் அடித்துவிடுவார், கரிமருந்தை இடித்துவிடலாம். பிரைமருக்கு ஆலை வேணுமே! வாஞ்சியின் ஆயுதம் கடல் கடந்துதான் வரவேண்டியிருந்தது. தூத்துக்குடிக் கடலில் சுதேசிக் கப்பல் விட்ட வ.உ.சி. அப்போது சிறையில் இருந்தார்.